மஞ்சள் விளக்கை அணைத்தவர்

காலை ஏழு இருபது. சென்ற ஆண்டின் நடுவில் ஒரு சனிக்கிழமை. மலேசியாவின் பகாவ் நகரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்தின் செம்மண் பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், என் காரின் முகப்பில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எட்டே முக்காலுக்குச் சிரம்பானில் இருக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவள் நான், அதனால் மணி நன்றாக நினைவிருக்கிறது. அதன்பின் நடந்ததை எல்லாம் அந்த நிமிடத்திலிருந்துதான் நினைத்துப் பார்க்கிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா என்றும் தெரியவில்லை.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கணவர் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வாரநாட்களில் அங்கேயே தங்கிவிட்டு விடுமுறைக்கு மட்டும் வீடு வருவார். எங்களுக்கு ஒரே மகள், பதினொரு வயது. அவளுக்குப் பேச்சு வரவில்லை. காது கேட்கும், சொன்னால் புரியும். வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். சிரம்பானில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்து, சனிக்கிழமைக் காலை வகுப்பில் அவளுக்கு இடம் வாங்கியிருந்தோம். ஒரு வாரம் தவறினாலும் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அவளுக்குக் கார்ப் பயணம் என்றால் உயிர். என் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து, குளிர்காற்று வரும் துவாரத்துக்கு நேராக முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் அந்தச் சாலை முழுக்க அப்படியே வருவாள். வாரத்தில் எனக்கும் நிம்மதியான நேரம் அதுதான்.

அன்று மாலையே பகாவ் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். எங்கள் தோட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் போவார்கள். பட்டறை முதலாளி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர், கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். அவருடைய அப்பா இதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். இவர் கோயில் செயற்குழுவிலும் இருக்கிறார். திருவிழாவுக்கு இரதம் இழுக்கிற லோரியை ஆண்டுதோறும் சும்மாவே பார்த்துக் கொடுப்பார். இப்படிப்பட்டவரிடம் போய், என்ன பழுது, என்ன மாற்றினீர்கள், பழைய சாமான் எங்கே என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். சாவியைக் கொடுத்துவிட்டு வருவோம். அவர் "செட்டில்" என்று சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வருவோம். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். புகைப்போக்கிக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டதாகக் கருவி காட்டியது. அது எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"புகையை மோந்து பாக்குற சாமான் டீச்சர். வெளிநாட்டுல புகை செக் பண்ணுவான், அவனுக்காக வச்சிருக்கான். நம்ம ஊர்ல சொந்தமா ஓட்டுற காடிக்கு எவன் வந்து மோந்து பாக்கப் போறான்? பயப்படாதீங்கலா."

எனக்குப் பயம் போகவில்லை. தோட்டத்துச் சாலையில் பாதி தூரத்துக்குப் போன் சிக்னல் கிடைக்காது, நடுவில் நின்றுவிட்டால் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மகள் அப்போது தரையில் கிடந்த ஒரு பழைய டயரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். காரை விட்டுவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

திங்கட்கிழமை மாலை சாவியைக் கையில் கொடுத்து, "செட்டில் டீச்சர். இனிமே அந்த லைட் உங்களுக்குத் தொந்தரவு குடுக்காது" என்றார். காசும் வாங்க மறுத்துவிட்டார். பாப்பாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த விளக்கு அதன்பின் எனக்குத் தொந்தரவே கொடுக்கவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து மகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அவ்வளவு ஆசையாக முகத்தை நீட்டிக்கொண்டிருந்த காற்றுத் துவாரத்தை இப்போது கையால் தள்ளி மூடினாள். புழுக்கமாக இருக்கிறதே என்று நான் திறப்பேன். அவள் மறுபடி மூடுவாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அது பிடிவாதம் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் கையைத் தட்டிக்கூட விட்டேன்.

அடுத்து, காரில் ஏற மறுத்தாள். சனிக்கிழமைக் காலை சாவிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் வாசல் கேட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். பாதி வழியில் வாந்தி எடுப்பாள். வகுப்பில் துவண்டுபோய் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். வீடு திரும்பியதும் என் உள்ளங்கையை இழுத்துத் தன் நெற்றியில் அழுத்தி வைத்துக்கொள்வாள். தொடுவதே பிடிக்காத பிள்ளை இப்படிச் செய்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயிற்சியால்தான் அவளுக்குப் பாசத்தைக் காட்டத் தெரிந்திருக்கிறது என்று சக ஆசிரியைகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

எனக்கும் சனிக்கிழமைகளில் தலை பிளக்கும். வயது, இரத்த அழுத்தம், திருத்தி முடியாத பயிற்சிப் புத்தகங்கள் என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் சரியாகிவிடும். காரில் சில சமயம் புகை வாடை அடிக்கும். அந்தச் சாலையில் எப்போதும் முன்னால் ஒரு லோரி போய்க்கொண்டிருக்கும், அதனால் லோரிப் புகை என்று விட்டுவிட்டேன். பெட்ரோலும் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. பழைய கார், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மகளைப் பற்றி மட்டும் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பயிற்சி மையத்தில் அது 'நடத்தைப் பிரச்சினை' என்றார்கள். அழாமல் காரில் ஏறினால் நட்சத்திரம் ஒட்டுங்கள், அழுதால் கண்டுகொள்ளாதீர்கள் என்று எனக்கும் பயிற்சி கொடுத்தார்கள். என் நாத்தனார், ஒரே பிள்ளை என்று செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்றாள். பள்ளியில் ஒருவர், கண் பட்டிருக்கும், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து ஏற்றுங்கள் என்றார். அதையும் செய்தேன். கணவர், நான் பதறுவதைப் பார்த்துத்தான் அவள் பதறுகிறாள் என்றார். கிளினிக்கில் பயண வாந்திக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைக் கொடுத்தால் தூங்குவாள் என்று சொல்லியே கொடுத்தார்கள். அதனால் அவள் காரில் மயங்கிக் கிடந்தபோதெல்லாம் மாத்திரை வேலை செய்கிறது என்று நான் நிம்மதியாக ஓட்டினேன்.

இத்தனை பேர் என் பிள்ளையைச் சோதித்தோம். காரைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரில்தான் ஒரு விளக்கும் எரியவில்லையே.

அப்படி ஒரு சனிக்கிழமை நல்ல மழை. தோட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி ஒன்று வளைவில் சறுக்கிச் சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள் வரிசை கட்டிவிட்டன. குலைகள் சாலையெல்லாம் சிதறிக் கிடந்தன. தொழிலாளர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கினால் மழை உள்ளே அடிக்கும். எஞ்சினை அணைத்தால் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. அதனால் எஞ்சினை ஓடவிட்டு, குளிர்காற்றைப் போட்டபடி காத்திருந்தேன்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு பெரிதாக அடம் பிடிக்கவில்லை. துவாரத்தையும் மூடவில்லை. "பாப்பா இன்னிக்கு ரொம்பச் சமத்து" என்று கணவருக்கு ஒரு செய்தி தட்டினேன். சிக்னல் இல்லாமல் அது போகவில்லை. போகாத அந்தச் செய்தி இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

எனக்கும் கண் சொக்கியது. மழைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. தண்ணீர் கொடுக்கலாம் என்று அவள் தோளைத் தொட்டேன். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். தூங்குகிற பிள்ளையைத் தொட்டால் முகத்தையாவது சுளிக்கும். இவள் ஒன்றுமே செய்யவில்லை. கதவைத் திறந்து இறங்கியபோது என் கால்கள் எனக்கே சொந்தமில்லாதது போல மடங்கின. காரின் முன்பக்கத்தைப் பிடித்துப் பிடித்து நடந்து அவள் பக்கக் கதவைத் திறந்தேன். பெல்டைக் கழற்றத் தெரியவில்லை. அந்தப் பொத்தானை வருடக்கணக்காக அழுத்தி வந்த விரல்கள்தாம்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பிக்கப்பில் பக்கத்து அரசாங்க நிலக்குடியேற்றத் திட்டத்தில் குடியிருக்கும் ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தார். அவர் மழையில் இறங்கி ஓடி வந்து பெல்டைக் கழற்றினார். இரண்டு பேருமாக மகளை வெளியே தூக்கினோம். மழை முகத்தில் பட்டதும் அவள் ஒரு மூச்சு இழுத்தாள், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பெண் என் காரின் எஞ்சினை அணைத்துச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பிக்கப்பைச் சேற்றில் இறக்கித் திருப்பினார். கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே எங்களை மருத்துவமனைக்கு ஓட்டிப் போனார். வழியெல்லாம் அவர் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நான் மகளின் மூக்குக்கு முன்னால் கையை வைத்து மூச்சு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ஆக்சிஜன் அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். பிறகு அவளுடைய ஓ.கே.யு. அட்டையைப் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளி என்று அரசாங்கம் கொடுத்த அட்டை. அதைப் பார்த்ததுமே அங்கிருந்தவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. இவள் எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வலிப்பு வருமா என்று கேட்டார்கள். வந்ததே இல்லை என்றேன். இன்னொருவர் வந்து, இவள் எப்போதுமே இப்படித்தானா என்று மறுபடி கேட்டார். என் பிள்ளை சுயநினைவில்லாமல் கிடக்கிறாள், அதுவும் அவளுடைய குணங்களில் ஒன்றா என்று கேட்கிறார்கள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஓர் இளம் பெண் மருத்துவர் கவனித்தார். உங்களுக்கும் தலை வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம், காரில் வரும்போதெல்லாம் வலிக்கும் என்றேன். சமீபத்தில் காரைப் பட்டறையில் விட்டீர்களா என்று கேட்டார். எங்கள் இருவருடைய இரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மகளின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டச் சொன்னார். கார்ப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உடம்பில் ஏறியிருந்தால் விரல் கிளிப் அதைக் காட்டாது, எல்லாம் சரி என்றுதான் சொல்லும் என்று விளக்கினார். இரத்தச் சோதனை அவர் சந்தேகப்பட்டது சரி என்றே சொன்னது.

முகத்தில் துண்டு பட்டாலும் பிடுங்கி எறிகிற பிள்ளை. நினைவு திரும்பிய பிறகும் அந்த முகமூடியைத் தொடவில்லை. அதை வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் உள்ளங்கையைத் தேடி எடுத்து நெற்றியில் அழுத்தினாள். மருத்துவர் பக்கத்தில்தான் இருந்தார். "எங்கே வலிக்கிறதென்று காட்டுகிறாளே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஏதோ எழுதினார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் நீலாயிலிருந்து வந்து சேர்ந்தார். நம்ம ஆள் பார்த்த கார், அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் முதலில் அவரும் சொன்னார். மறுநாள் என் தங்கை மருத்துவமனையில் மகளுக்குத் துணையாக இருந்தாள். நாங்கள் இருவரும் சாலையோரம் விட்டுவந்த காரை எடுக்கப் போனோம். ஓட்டக் கூடாது, இழுவை லோரியில் ஏற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். லோரிக்காரர் கேட்டதற்காகக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, கணவர் ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கச் சாவியைத் திருப்பினார். முகப்பில் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. பேட்டரி, எண்ணெய், பெல்ட், பிரேக். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருதரம் எரிந்து, அவை வேலை செய்கின்றன என்று காட்ட வேண்டும். எஞ்சின் விளக்கு இருக்க வேண்டிய இடம் மட்டும் இருட்டாக இருந்தது.

அணைத்துவிட்டு மறுபடி திருப்பச் சொன்னேன். மறுபடியும் அதே இருட்டு. கணவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் 'நம்ம ஆள்' என்று சொல்லவில்லை.

பக்கத்து ஊரான கோலப்பிலாவில் ஒரு பட்டறையில் எங்கள் கண் முன்னாலேயே பிரிக்கச் சொன்னோம். முதல்தடவையாக, என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முகப்புப் பலகையைக் கழற்றினார்கள். அந்த மஞ்சள் விளக்கின் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அழகாக, விளக்கின் அளவுக்கு வெட்டி ஒட்டியிருந்தது. கெட்டுப்போன சென்சாரைக் கழற்றிவிட்டு, அது இருந்த ஓட்டையில் மரைகூடப் பொருந்தாத ஒரு போல்ட்டை ஏதோ தகட்டைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். அது சூட்டில் தளர்ந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றிக் கருங்கரி படிந்திருந்தது.

எங்களுக்குச் சொன்ன விளக்கம் இதுதான். அந்த சென்சார் புகையைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் அதிகமா குறைவா என்று எஞ்சினுக்குச் சொல்லும். அது இல்லாமல் போனதும் எஞ்சின் கண்மூடித்தனமாகப் பெட்ரோலைக் குடித்தது. அதனால் புகையில் நச்சுவாயு இன்னும் கூடியது. அந்தப் புகை தளர்ந்த ஓட்டை வழியாக எஞ்சின் அறைக்குள்ளேயே கசிந்தது. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே வயர் போகிற துளையில் இருந்த ரப்பரை எலி தின்றிருந்தது. செம்பனைத் தோட்டத்தில் கார் நிறுத்துகிறவர்களுக்கு எலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துளை இடது பக்கத்தில் இருந்தது. என் மகள் உட்காரும் பக்கம். ஓடும்போது காற்றில் கொஞ்சம் கலைந்துபோகும். நின்றுகொண்டே எஞ்சின் ஓடினால் போக வழியில்லாமல் உள்ளேதான் வரும்.

சென்சாரை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். வரவழைக்க நாளாகும் என்று சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பேன். பஸ்ஸில் போயிருப்பேன். கெட்ட சென்சாரை அப்படியே விட்டு, விளக்கையும் எரியவிட்டிருந்தால்கூட அது தினமும் என்னை உறுத்தியிருக்கும், வேறு எங்காவது கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். இவர் ஓட்டையையும் போட்டுவிட்டு, அதைச் சொல்லக்கூடிய ஒரே விளக்கின் வாயையும் அடைத்துவிட்டார்.

கணவர் போன் செய்தபோது பட்டறை முதலாளி முதலில் கோபப்பட்டார். தன்னைக் கேட்காமல் காரை வேறு இடத்தில் யார் பிரிக்கச் சொன்னது என்றார். பிறகு குரல் இறங்கியது. "டீச்சர் அந்த லைட்டப் பாத்து ரொம்பப் பயந்துட்டாங்கண்ணே. அவங்க நிம்மதியா ஓட்டட்டும்னுதான் மூடுனேன். எல்லாப் பட்டறைப் போமனும் செய்றதுதானே" என்றார். நானும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தேன். கார் பழுது என்று போனேன். அவர் என் பயத்தைப் பழுதாக எடுத்துக்கொண்டு அதைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். அவருடைய சொந்த மகள் உட்காரும் காரிலும் இப்படி ஒட்டுவாரா என்று கணவர் கேட்டார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். டேப், போல்ட், சோதனை முடிவு எல்லாவற்றையும் கொடுத்தேன். இரண்டு நாளில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களைவிட, நம்ம ஆள் மேலேயே கேஸ் போடுகிறீர்களா என்று கேட்டவர்கள்தாம் அதிகம். காசுகூட வாங்காமல் செய்தாரே என்றார்கள். கோயிலுக்கு அவர் செய்ததை வரிசையாகச் சொன்னார்கள். புகாரைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் தன் காரின் சாவியைத் திருப்பி, எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்தார். அவருடைய காரிலும் ஒன்று எரியவில்லை. ஆனால் அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.

மகள் வீடு திரும்பிவிட்டாள். கொஞ்ச காலம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஞாபகம், நடை எதிலாவது மாற்றம் தெரிந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவள் ஒரு கரண்டியைத் தவறவிட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். முன்பும் தவறவிடுவாளா, இது புதிதா என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பு பார்த்த பார்வை இல்லை இது. கையைத் தள்ளினால் ஏன் தள்ளுகிறாள், கதவைப் பிடித்தால் எதைக் கண்டு பிடிக்கிறாள் என்று ஒவ்வொன்றையும் நின்று யோசிக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசியில் அவரே வந்தார். தனியாக வரவில்லை, கோயில் தலைவரையும் அழைத்து வந்திருந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழமும் ஒரு டின் பிஸ்கட்டும் இருந்தன. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் போல இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். மகள் ஜன்னல் ஓரத்தில் தரையில் இருந்தாள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. தலைவர்தான் பேசினார். வெளியே தெரிந்தால் நம் இனத்துக்குத்தான் அசிங்கம், பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டால் பெருந்தன்மை என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் பட்டறை முதலாளியைப் பார்த்து, என் பிள்ளை எத்தனை வாரம் தலைவலியோடு அந்தக் காரில் வந்தாள் தெரியுமா என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தடவை.

பட்டறை முதலாளி பழப் பையை மேசையில் நகர்த்தி வைத்தார். கோபம் இல்லாமல், எனக்குப் புரிய வைக்கிறவர் போலச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அந்தப் பிள்ளைக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. தல வலிச்சுதா இல்லையான்னு அதுவா வந்து கோர்ட்டுல சொல்லப் போவுது?"

பழப் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். புகாரை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. என் மகள் தனக்குத் தெரிந்த வழியில் எல்லாரிடமும் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கேட்காதவர்களில் முதல் ஆளான நான், இனி எந்த மேசைக்கு முன்னால் நிறுத்தினாலும் அவளுக்காகச் சொல்லக் கடமைப்பட்டவள்.